பதினெட்டாம் வரிசை

டிசம்பர் 2

தம்பிக்கு,

இந்த உறையில் நான்கு தாள்கள் இருக்கின்றன. இறப்புச் சான்றிதழின் அசல், அதன் மொழிபெயர்ப்பு, தகனச் சான்று, மருத்துவமனைச் சுருக்கம். மொழிபெயர்ப்பை நானே செய்து முத்திரை வாங்கியிருக்கிறேன். ஓய்வூதிய அலுவலகத்தில் அசலைக் கேட்பார்கள். காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள். அங்கே ஒரு முறை போன தாள் வெளியே வராது என்று அப்பாவே சொல்வார்.

நீ போனை எடுப்பதில்லை. மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. தகனத்தன்று வீடியோவில் ஐந்து நிமிடம் இருந்தாய், பிறகு உன் படம் உறைந்துபோனது. லைன் போய்விட்டது என்று மற்றவர்களிடம் சொன்னேன். பத்து நாளாக ஒருவனுக்கு லைன் கிடைக்காமல் இருக்காது. அதனால் தாளில் எழுதுகிறேன். கூரியரை யாராவது கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆகவேண்டும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நவம்பர் பதினைந்து, சனிக்கிழமை மதியம், அப்பாவும் நானும் இந்த ஊர் அணியின் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போனோம். இரண்டாம் பாதியில் அவருக்கு மாரடைப்பு வந்தது. மைதானத்திலேயே முதலுதவி செய்தார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வேதனைப்படவில்லை. எல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது.

அஸ்தி என்னிடம் இருக்கிறது. சாம்பல் நிறப் பெட்டி, ஒரு தடிமனான அகராதியின் அளவு. புத்தக அலமாரியில் வைத்திருக்கிறேன். ஜனவரியில் விடுப்பு கேட்டிருக்கிறேன், நானே கொண்டுவருகிறேன். உனக்கு எந்தத் தேதி சரிப்படும் என்று எழுது.

அக்கா


டிசம்பர் 12

அக்கா,

கூரியர் வந்தது. கடையில் வைத்துத்தான் பிரித்தேன். மூக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்கள் நாலு பேர் முன்னால் அப்பாவின் இறப்புச் சான்றிதழைப் பிரித்துப் படிக்கும்படி ஆயிற்று. அதையும் நீ யோசித்திருக்கலாம், வீட்டு விலாசத்துக்கு அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ யோசிக்கிற ஆள் ஆயிற்றே, எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருப்பாய்.

"சட்டென்று முடிந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் நாலு எழுத்து படிக்கத் தெரியும். மருத்துவமனைத் தாளில் இரண்டாம் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது? "அறிகுறிகள் தொடங்கிய நேரம்: உடன் வந்தவருக்குத் தெரியவில்லை." நீதான் மொழிபெயர்த்திருக்கிறாய், உன் கையெழுத்துதான் கீழே இருக்கிறது. உடன் வந்தவர் யார்? வழியில் போன ஆளா? பெற்ற மகள். முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

எழுபத்தேழு வயது மனிதரை அந்தக் குளிரில் கேலரி ஏற்றிக் கூட்டிப்போக வேண்டிய அவசியம் என்ன? சித்தப்பா என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏண்டா, உங்க அக்கா அவர பாத்துக்கத்தான் கூட்டிட்டுப் போனாளா, இல்ல தீத்துக்கட்டவா?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அக்டோபரில் திரும்பி வரவேண்டியவர். விமான டிக்கெட்டைக் கேன்சல் செய்தவள் நீ. வந்திருந்தால் இந்நேரம் கல்லாவில் உட்கார்ந்து என் கடைப் பையனை அதட்டிக்கொண்டு இருந்திருப்பார். இங்கே எல்லாரும் இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். வாயை மூடச் சொல்ல எனக்கு வழியில்லை.

இன்னொன்று. அப்பாவின் போன் என்ன ஆயிற்று? மருத்துவமனையில் கொடுத்தார்களா? கடைசியாக யாருடனாவது பேசினாரா? அதை நீ நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படியே ஒரு டப்பாவில் போட்டு அஸ்தியோடு கூரியரில் அனுப்பிவிடு. நீ இப்போது வரவேண்டாம். எல்லாரும் கொதித்துப்போய் இருக்கிறார்கள். நீ வந்து வாசலில் நின்று யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் அதற்கும் நான்தான் நடுவில் நிற்கவேண்டும். நின்று நின்று கால் ஓய்ந்துவிட்டது.

தம்பி


டிசம்பர் 21

தம்பிக்கு,

உன் கேள்வி நியாயமானது. மருத்துவரும் அதைத்தான் கேட்டார். "வலி எப்போது தொடங்கியது? உங்களிடம் ஏதாவது சொன்னாரா?" இல்லை என்றேன். பொய்யில்லை. என்னிடம் சொல்லவில்லை.

ஆட்டத்துக்கு டிக்கெட்டுகளைக் கொடுத்தவள் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் என் பக்கத்து மேஜைக்காரி. அவளும் கணவனும் அந்த அணிக்கு வருடம் முழுக்க இருக்கை வைத்திருப்பவர்கள், அந்தச் சனிக்கிழமை ஊரில் இல்லை. அப்பா போனபிறகு அவளுக்கு நம் வீட்டு வழக்கத்தை விளக்கப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுவார்கள். சொல்லவேண்டியதை மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புவார்கள், ஆள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். முதலில் நேராகப் பேசுகிறவர் தோற்றவர். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "ஆனால் ஒரே வீட்டில்தானே இருந்தீர்கள்?" என்றாள்.

உனக்கு விளக்கவேண்டியதில்லை. மேல்படிப்புக்கு நான் சொல்லாமல் விண்ணப்பித்தபோது அப்பா என்னிடம் பதினோரு மாதம் பேசவில்லை. அப்போது அம்மா நடுவில் நின்றாள். அம்மாவுக்குப் பிறகு அந்த வேலை உன் தலையில் விழுந்தது. இந்த முறை செப்டம்பர் முதல் வாரத்தில் ஆரம்பித்தது. பெட்டியைக் கீழே இறக்கி, சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "அக்டோபர் ஒன்பதுதானே?" என்று கேட்டார். டிக்கெட் இல்லை என்று சொன்னேன். மடித்த சட்டையைப் பிரித்துத் திரும்பக் கொடியில் போட்டார். அதன்பிறகு கூடத்திலிருந்து உனக்குப் போன் செய்வார். "அவகிட்ட சொல்லு, ஹீட்டர கொறைக்கச் சொல்லு, தொண்ட காயுது." எட்டடி தள்ளி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். என் காதிலும் விழும். ஆனாலும் நீ போன் செய்து சொல்கிறவரை ஹீட்டர் பக்கம் போகமாட்டேன். அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாங்கள் ஒரே அச்சு.

விமான டிக்கெட்டைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில். ஜூலையில் நீ அனுப்பிய குரல் செய்தி என்னிடம் இருக்கிறது. "அக்கா, இன்னும் ஒரு வருஷம் அங்கயே வச்சுக்கோ. இவளால முடியல, வீட்ல தினமும் சண்ட. நான் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத." நான் சொல்லவில்லை. அவர் என்னோடு பேச்சை நிறுத்தியபோதும் சொல்லவில்லை. அவருக்கு நம் இருவரில் ஒருவராவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். சித்தப்பாவிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீ எனக்கே அதை எழுதியிருக்க வேண்டாம்.

இனி அன்றைக்கு நடந்தது.

பதினான்கு வருடமாக அந்த மைதானத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கிறேன். உள்ளே போனதில்லை. இரண்டாம் பிரிவு அணி, பெரிய பெயரெல்லாம் கிடையாது. சனிக்கிழமைகளில் சத்தம் வரும். அப்பா வந்தபிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். முப்பது வருட டிரில் மாஸ்டர், மாவட்ட ஆட்டங்களுக்கெல்லாம் விசில் ஊதியவர். "பெனால்டி குடுத்துட்டான்" என்று திரைச்சீலையிடம் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அதனால்தான் டிக்கெட்டுகளை வாங்கிக்கொண்டேன். நான் தோற்காமல் சமாதானமாக அது ஒரு வழி என்று கணக்குப் போட்டேன். மேஜைமேல் வைத்தேன். அவர் உன்னைக் கூப்பிட்டார், நீ என்னைக் கூப்பிட்டு, "வர்றாராம், ஸ்வெட்டர் எது போடணும்னு கேக்கறார்" என்றாய். நினைவிருக்கும்.

வடக்கு கேலரி, பதினெட்டாம் வரிசை. ஏற நாற்பத்தாறு படி. பிறகொரு நாள் போய் எண்ணினேன். நடுவில் இரண்டு முறை நின்றார். மைதானத்தைப் பார்க்க நிற்கிறார் என்று நினைத்தேன். முகம் நன்றாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் இங்கே பார்த்ததில்லை. வெளிச்சத்தில் புல்லின் பச்சை கண்ணைக் கூச வைத்தது. உட்கார்ந்ததும் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த தலைகளைப் பார்த்து, "லைன்ஸ்மேன் ஓடவே மாட்டேங்கறான், தொப்பைய பாரு" என்றார். முதல் பாதி முழுக்க ரெஃப்ரியைத் திட்டினார். "விசில வாயிலயே வச்சுக்கிட்டு யோசிக்கறான் பாரு, யோசிக்கற வேலையா இது?" எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் இடப்பக்கம் இருந்த ஒரு பருமனான மனிதருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். ரெஃப்ரியைத் திட்டுகிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இடைவேளையில் இரண்டு தேநீர் வாங்கி வந்தேன். அவருடையதை அவர் காலருகே வைத்தேன். எடுக்கவில்லை. முதல் பாதியில் நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு முறுக்கிக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதி தொடங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. இடது கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டார். "இவ்வளவு குளிரும்னு யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்று மைதானத்தைப் பார்த்துச் சொன்னார். வீட்டில் தினமும் சொல்வதுதான். எனக்கான குத்தல் என்று நினைத்து, பதில் சொல்லாமல் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு சத்தமாக இருந்தது. பெருமூச்சு விட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தேன். பத்து வாரமாக அவருடைய ஒவ்வொரு அசைவையும் எனக்கு எதிரான ஒரு வாக்கியமாகப் படித்துப் பழகிவிட்டேன். அதையும் அப்படியே படித்தேன்.

நாலரை மணிக்குச் சற்று முன்னால் ஊர் அணி கோல் போட்டது. கேலரி மொத்தமும் எழுந்தது. நானும் எழுந்தேன், எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவர் எழவில்லை. எல்லாரும் உட்கார்ந்தபிறகும் நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பருமனான மனிதர்தான் அவர் தோளைத் தொட்டு அசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது: நீங்கள் இவரோடு வந்தவரா?

ஆட்டம் நிற்கவில்லை. எங்கள் வரிசையும் முன் வரிசையும் மட்டும் திரும்பிப் பார்த்தன. முதலுதவி அறை எங்கள் கேலரிக்கு நேர் கீழே இருந்தது. இதய அதிர்வுக் கருவி, இரண்டு செவிலியர், எல்லாம். இடைவேளையிலேயே கீழே கொண்டுவந்திருந்தால் என்று ஒரு செவிலியர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இதுதான் நான் செய்தது. மூன்று வாரம் முன்பு எழுதிய கடிதத்தில் வேதனைப்படவில்லை என்று போட்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்று போட்டிருக்க வேண்டும்.

போன் என்னிடம் இருக்கிறது. உடைகளோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். சார்ஜ் இல்லை. திறக்கும் எண் எனக்குத் தெரியாது.

அஸ்தியைக் கூரியரில் அனுப்ப மாட்டேன்.

அக்கா


ஜனவரி 3

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, எடுத்து எடுத்துப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து நாலு தாள் கிழித்தாகிவிட்டது. நீ எழுதினால் ஒரு வரி ஒரு வரியாக நேராகப் போகிறது. எனக்கு அப்படி வராது. நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் தாளையும் கிழித்துவிடுவேன்.

அப்பா அன்றைக்கு எனக்குப் போன் செய்தார். மூன்று தடவை.

இங்கே சனிக்கிழமை ராத்திரி, கடை மூடுகிற நேரத்துக் கூட்டம் உனக்குத் தெரியும். ஒரு அம்மாவுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். சோதனை ஃப்ரேமில் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்ன தெளிவா இருந்ததா?" என்று கேட்டுக்கொண்டு. போன் கண்ணாடி மேஜைமேல் அதிர்ந்தது. அப்பா என்று தெரிந்தது. எடுக்கவில்லை. அந்த வாரம் மட்டும் பதினேழு தடவை கூப்பிட்டிருந்தார், அக்கா. வாஷிங் மெஷின் சத்தம், குளியலறை விளக்கு, நீ வாங்கின ரொட்டி கல்லு மாதிரி இருக்கிறது. நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? காலையில்தான் இவள் சொல்லியிருந்தாள், "அப்பாவும் பொண்ணும் அங்க உக்காந்துகிட்டு உங்கள வச்சு ஆடறாங்க. ரெண்டு நாள் எடுக்காதீங்க, தானா பேசிப்பாங்க" என்று. இரண்டாவது தடவை அதிர்ந்தபோது போனைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாவது தடவை மேஜை அதிர்ந்ததில் அந்த அம்மாவே, "எடுங்களேன் சார், அவசரமா இருக்கப்போகுது" என்றார். "ஒண்ணும் இல்லம்மா, வீட்லதான்" என்றேன்.

எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "அவகிட்ட சொல்லு, எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு." நான் உனக்குப் போன் செய்து, பக்கத்து சீட்டில் இருக்கும் ஆளைத் திரும்பிப் பார் என்று சொல்லியிருப்பேன். இதை நினைத்தால் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு வரும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. கண் சோதிக்கிற நாற்காலியில் யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. ஒரு மாதமாக வேறு ஆளை வைத்து ஓட்டுகிறேன்.

டிக்கெட் விஷயத்தில் உன்மேல் பழி போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உன் வீடியோ அழைப்பைத் துண்டித்ததும் நான்தான். சவப்பெட்டிக்குள் அவர் முகம் தெரிந்தது, போனைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்க முடியவில்லை.

நீ வா. ஜனவரி கடைசியில் எந்தத் தேதியானாலும் சரி. எல்லாரையும் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன், சித்தப்பா உட்பட. ஆனால் ஒன்று. இந்தப் போன் விஷயம் இவளுக்குத் தெரியாது. தான் எடுக்காதே என்று சொன்னதால்தான் என்று அவள் மனம் உடைந்துபோவாள். சித்தப்பாவுக்குத் தெரிந்தால் ஊர் முழுக்கத் தெரிந்த மாதிரி. அதனால் அந்தப் போனை ஏதாவது கடையில் கொடுத்து முழுக்கத் துடைத்துவிடு. திறக்கத் தெரியாவிட்டாலும் அவர்கள் செய்துதருவார்கள். இது நமக்குள் இருக்கட்டும். நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

தம்பி


ஜனவரி 14

தம்பிக்கு,

திறக்கும் எண் தெரியாது என்று எழுதியது பொய். அம்மா இறந்த வருடம்தான் எண். முதல் முயற்சியிலேயே திறந்தது. உன்னைக் கூப்பிட்ட நேரங்கள் 4.11, 4.14, 4.20. ஆட்டக் கணக்கில் ஐம்பத்து நான்காம் நிமிடத்தில் தொடங்குகிறது. மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே பார்த்துவிட்டேன். நீயாகச் சொல்வாயா என்று காத்திருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அதுவும் முழு உண்மையில்லை. உனக்காக மறைத்துப் பழகிவிட்டது, கை தானாக எழுதிவிட்டது.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லிவிட்டாய். அதனால் போன கடிதத்தில் நான் விட்டதையும் எழுதிவிடுகிறேன். அவர் உன்னைக் கூப்பிடுவதை நான் பார்த்தேன். என்னைப் பற்றிக் குறை சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நீ எடுக்கவில்லை என்று தெரிந்தது. மூன்று முறையும் தெரிந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது, தம்பி. அவனுக்கும் சலித்துவிட்டது, இனி என்னிடம் பேசித்தானே ஆகவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். ஒரு முறை என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் பந்தைப் பார்த்தேன். அப்போது பந்து எங்கள் பக்கமே இல்லை.

இதில் உன்னுடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று பிரிக்க முடியுமா என்று ஒரு மாதம் யோசித்தேன். வேலையில் தினமும் செய்வதே அதுதான், ஒரு குவளைத் தண்ணீரில் எது எவ்வளவு என்று பிரிப்பது. இதில் வரவில்லை.

போனைத் துடைக்கவில்லை. துடைக்கப்போவதும் இல்லை. உன் மனைவியிடம் நீ பேசு. அவள் தாங்கமாட்டாள் என்று நீயே முடிவு செய்யாதே. அப்பா தாங்கமாட்டார் என்றுதான் டிக்கெட் விஷயத்தையும் மறைத்தோம். அவளுக்கும் உனக்கும் நடுவில் நான் நிற்க மாட்டேன். சித்தப்பாவுக்கும் உனக்கும் நடுவிலும் நிற்க மாட்டேன்.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி காலை வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு வரவேண்டாம், நானே வந்துவிடுவேன். நீ சொன்னபடி எல்லாரையும் கூப்பிடு. எப்படிப் போனார் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள், அநேகமாகச் சித்தப்பா. நான் பதில் சொல்வேன். பத்து வாரம் பேசாமல் இருந்ததைச் சொல்வேன், படிகளைச் சொல்வேன், தேநீரைச் சொல்வேன், பந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்வேன். என்னைப் பற்றியதில் ஒன்றையும் விட மாட்டேன். உன்னைப் பற்றியதில் ஒரு சொல்லும் என் வாயிலிருந்து வராது. ஓர் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு உன்னைப் பார்ப்பேன். நீ தொடங்காவிட்டால் அந்த அறையில் யாரும் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன், அதற்குமேல் நமக்குள் எழுத ஒன்றும் இருக்காது.

எந்த இடம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன். அப்பா கோட்டுப் பையில் கையைவிட்டுப் போனை எடுக்கிறார்.

அக்கா